வெண்துளையை வைத்து முதல் கதை எழுதுபவர்களுக்கு

அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்கள் முதலில் கை வைப்பது கருந்துளையில்தான். இரண்டாவது கதையிலோ மூன்றாவது கதையிலோ அது போதாமல் போய், அதன் தலைகீழான வெண்துளை வந்து சேர்கிறது. வந்ததும் அதற்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்படுகிறது. கருந்துளைக்குள் விழுந்த விண்கலம் வெளியேற அது ஒரு பின்வாசல். கதாநாயகன் இருட்டில் விழுகிறான், ஒரு பத்தி முழுக்கச் சுழல்கிறான், வெளிச்சத்தில் கண்விழிக்கிறான். வாசகர்களுக்கு இது எப்போதோ சலித்துவிட்டது. எழுதுபவர்களுக்குத்தான் இன்னும் சலிக்கவில்லை.

இயற்பியல் பட்டம் இல்லாதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்கு போதும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே போகவே முடியாத ஒன்றின் வெளியே நின்றுகொண்டு, அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருப்பதுதான் வெண்துளைக் கதையின் சுவை. அதன் வழியாகப் பயணம் போக வைத்தால் பாதிச் சுவை போய்விடும்.

இதுவரை யாரும் ஒரு வெண்துளையையும் பார்த்ததில்லை. கணக்கில் இருக்கிறது, வானத்தில் இன்னும் கிடைக்கவில்லை. கதை எழுதுபவருக்கு இது வசதி.

1. விதியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், ஈர்ப்பை விளக்கும் தன் கோட்பாடான பொதுச் சார்பியலின் சமன்பாடுகளை முடித்தார். சில வாரங்களிலேயே, முதல் உலகப்போரில் ரஷ்ய முனையில் ஜெர்மன் படையோடு இருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் அவற்றுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு மே மாதமே நோயில் இறந்தும் போனார். அவர் விட்டுச்சென்ற தீர்வுக்குள் கருந்துளை இருந்தது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது என்பது தெளிவாகத் தெரிய 1960 வரை ஆனது. அந்த ஆண்டு மார்ட்டின் கிரஸ்கலும் ஜார்ஜ் செக்கரஸும் தனித்தனியாக அந்தத் தீர்வின் முழு வரைபடத்தைப் போட்டுக்காட்டினார்கள். அதில் நான்கு பகுதிகள்: நாம் இருக்கும் வெளிப்புறம், கருந்துளை, நம்மால் எட்டவே முடியாத இன்னொரு வெளிப்புறம், கடைசியாக வெண்துளை.

ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் அக்கறை இல்லை. ஒரு தீர்வு சரியென்றால், அதில் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் சரிதான். கருந்துளைக்குள் எதுவும் போகலாம், எதுவும் வெளியே வர முடியாது. காலத்தைத் திருப்பிவிட்டால், எதுவும் வெளியே வரலாம், எதுவும் உள்ளே போக முடியாது. ஒளிகூடப் போக முடியாது. அதுதான் வெண்துளை.

இந்த இடத்தில் முதல்முறை எழுதுபவர்கள் மூன்று தப்பு செய்கிறார்கள். முதலாவதுதான் பெரியது: வெண்துளை தள்ளும் என்று நினைப்பது. கருந்துளை இழுக்கிறது, ஆகவே அதன் எதிர்மறை தள்ளத்தானே வேண்டும்? தள்ளாது. ஒரு கல்லை மேலே எறிவதைக் காணொளி எடுத்து, பின்னாலிருந்து முன்னால் ஓட்டிப் பாருங்கள். கல் மேலே போகும், வேகம் குறையும், நின்று கீழே வரும். நேராக ஓட்டினால் பார்த்த அதே காட்சி. காலத்தைத் திருப்பினாலும் ஈர்ப்பு ஈர்ப்பாகவே இருக்கிறது. ஆகவே வெண்துளைக்கும் நிறை உண்டு, அது இழுக்கும், கோள்கள் அதைச் சுற்றிவரலாம். தூரத்திலிருந்து சுற்றுப்பாதையை மட்டும் அளப்பவருக்கு அது கருந்துளையா வெண்துளையா என்று சொல்லவே முடியாது. இந்தக் குழப்பம் ஒன்றை வைத்தே ஒரு சிறுகதை எழுதலாம்.

அடுத்தது, அது வெள்ளையாக இருக்கும் என்று நினைப்பது. உள்ளிருந்து எதுவும் வராத நேரத்தில் அது இருட்டாகத்தான் இருக்கும். மூன்றாவது, யாரோ ஒரு விஞ்ஞானி ஆய்வகத்தில் அதைத் தயாரிப்பது. நட்சத்திரம் சுருங்கினால் கருந்துளை கிடைக்கும். வெண்துளையைச் செய்ய அப்படி ஒரு செய்முறை கிடையாது. பழைய சார்பியல்படி அது ஆதியிலிருந்தே இருந்திருக்க வேண்டும். புதிய குவாண்டம் கோட்பாடுகள்படி ஒரு கருந்துளை முதிர்ந்து அதுவாக மாற வேண்டும்.

2. எந்த வெண்துளை?

வெண்துளையில் வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமான கதையைக் கேட்கும். எழுத உட்காரும் முன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாதிக் கதையில் வகையை மாற்றினால் கவனிக்கிற வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

கிரஸ்கல் வரைபடத்தில் இருக்கும் நிரந்தர வெண்துளை முதல் வகை. கருந்துளையையும் வெண்துளையையும் ஒரு சுரங்கம்போல் இணைக்கும் புழுத்துளைக் கதைகள் எல்லாம் இதன் பிள்ளைகள். ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935-ல் எழுதிய பாலம்தான் இதற்கு மூலம். ஆனால் அந்தப் பாலம் நிற்காது. ஒளிக்கற்றைகூட மறுபக்கம் போய்ச் சேரும் முன் அது அறுந்துவிடும் என்று ஜான் வீலரும் ராபர்ட் ஃபுல்லரும் 1962-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் விண்கலம் ஒளியைவிட வேகமாகப் போகாத வரை இந்த வழி அடைபட்டதுதான்.

சுழலும் கருந்துளை கொஞ்சம் தாராளமானது. 1963-ல் நியூசிலாந்துக்காரரான ராய் கெர் கண்ட தீர்வை முழுக்க விரித்துப் பார்த்தால், எல்லாம் நசுங்கிச் சேரும் மையமான ஒருமைப்புள்ளியில் மோதாமல், துளைக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது எல்லையான உள் எல்லையைக் கடந்து, வேறொரு பிரபஞ்சத்தில் வெண்துளை வழியாக வெளியே வரும் பாதை காகிதத்தில் இருக்கிறது. எழுத்தாளர்கள் இதைக் கொண்டாடியது நியாயம்தான். ஆனால் வெளியிலிருந்து விழும் ஒளியும் தூசும் அந்த உள் எல்லையில் அளவுகடந்த ஆற்றலோடு குவிந்து பாதையைக் கெடுத்துவிடும் என்று இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1968-லேயே சுட்டிக்காட்டினார். 1990-ல் எரிக் பாய்சனும் வெர்னர் இஸ்ரேலும் அந்தக் கணக்கை இன்னும் இறுக்கினார்கள். பயணக் கதைதான் எழுதுவேன் என்று அடம்பிடித்தால் கெர் வகையை எடுங்கள். உள் எல்லையை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். முழுக் கதையின் ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அடுத்தது. 1964-ல் சோவியத் விஞ்ஞானி இகோர் நோவிகோவ் ஒரு யோசனை சொன்னார். பெருவெடிப்பில் பிரபஞ்சம் முழுதும் ஒரே சமயத்தில் விரிந்தது என்று ஏன் நினைக்க வேண்டும்? சில துண்டுகள் தாமதித்திருக்கலாமே? மற்றதெல்லாம் விரிந்து குளிர்ந்து நட்சத்திரங்களான பிறகு, அந்தத் தாமதித்த துண்டுகள் தாமாக விரியத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெண்துளை. அடுத்த ஆண்டு இஸ்ரேலின் யுவால் நெஹ்மானும் இதே கருத்தை எழுதினார். ஏன் அப்போது? 1963-ல்தான் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின், அதாவது நட்சத்திரம்போல் புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளின், தூரத்தைக் கண்டுபிடித்திருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு வெளிச்சம் எப்படி வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. வெண்துளை அதற்கு ஒரு விடையாகத் தோன்றியது. பிறகு, பெருங்கருந்துளையில் விழும் வாயு சூடேறி ஒளிர்வதுதான் குவாசர் என்று ஆனது. இன்று ஒரு கதையில் குவாசருக்குள் வெண்துளையை வைத்தால் அது பழைய செய்தி. ஆனால் 1960-களில் நடக்கும் கதையில், தொலைநோக்கி முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பாத்திரம் அப்படி நம்பினால் அழகாக இருக்கும்.

இந்த வரிசையில் நம் நாட்டுப் பெயர் ஒன்றும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஜெயந்த் நார்லிக்கர், அப்பாராவ், நரேஷ் தாதிச் ஆகியோரோடு சேர்ந்து வெண்துளைகளிலிருந்து வரும் உயர் ஆற்றல் கதிர்களைப் பற்றி 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நார்லிக்கர் மராத்தியில் அறிவியல் புனைகதை எழுதியவரும்கூட. அவருடைய முதல் கதை ஒரு போட்டிக்குப் போனபோது, பெயர் செல்வாக்கில் பரிசு கிடைத்ததாக ஆகிவிடக் கூடாது என்று புனைபெயரில் அனுப்பினார். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று மனைவியை விட்டுப் படியெடுக்கச் சொன்னார். முதல் பரிசு கிடைத்தது. அந்தக் கதையின் தலைப்பு, தமிழில் சொன்னால், கருந்துளை. காலையில் வெண்துளைக் கணக்கு, மாலையில் கருந்துளைக் கதை என்று ஒருவர் வாழ்ந்திருக்கிறார் என்பது புதிதாக எழுத வருகிறவருக்குத் தெம்பு தரும் செய்தி.

கடைசி வகை இப்போது பேசப்படுவது. 2014-ல் ஹால் ஹேகர்டும் கார்லோ ரோவெல்லியும் கருந்துளையின் மையத்தில் ஒருமைப்புள்ளி இல்லை, அங்கே குவாண்டம் ஈர்ப்பு குறுக்கிட்டு, சுருங்கிய பொருளைத் திருப்பி அனுப்புகிறது என்று எழுதினார்கள். கருந்துளை எம்பி வெண்துளையாகிறது. இதில் கதைக்காரருக்குக் கிடைப்பது காலம். உள்ளே இருக்கும் பொருளின் கடிகாரத்தில் எல்லாம் கண்மூடித் திறக்கும் முன் முடிந்துவிடும். வெளியே நிற்பவரின் கடிகாரத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருக்கும். இதன் இன்னொரு வடிவம் 2018-ல் வந்தது. கருந்துளை கதிர்வீசித் தேய்ந்து தேய்ந்து, சுமார் 22 மைக்ரோகிராம் மிச்சமாகும்போது வெண்துளையாக மாறி நெடுங்காலம் நிற்கும். தலைமுடியில் அரை சென்டிமீட்டரைக்கூட நறுக்கவேண்டியதில்லை, அவ்வளவு எடைதான். வெளியே அவ்வளவு சிறியது, உள்ளே மிகப் பெரிய வெளி. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருளின் ஒரு பகுதி இப்படிப்பட்ட துகள்களாக இருக்கலாம் என்று ரோவெல்லியும் பிரான்செஸ்கா விடொட்டோவும் எழுதினார்கள். சரி என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஒரு முழு நட்சத்திரத்தின் வரலாறு கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளுக்குள் இருக்கிறது என்பதைவிட நல்ல கதைக்கரு எங்கே கிடைக்கும்?

3. நிறையை முடிவு செய்யுங்கள், கணக்குப் போடுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. தாண்டாதீர்கள், ஐந்து நிமிட வேலைதான். எல்லை என்பது துளையின் ஒருவழி விளிம்பு; கருந்துளையில் அதைத் தாண்டினால் திரும்ப முடியாது. ஒரு சூரிய நிறைக்கு எல்லையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். பத்துச் சூரியன் என்றால் 30 கிலோமீட்டர். நம் பால்வீதியின் மையத்தில் இருக்கும் கருந்துளைக்கு ஏறக்குறைய 43 லட்சம் சூரிய நிறை, அதாவது சுமார் 1.27 கோடி கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் படம் வெளியானதே, எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இருப்பது, அதற்கு 650 கோடி சூரிய நிறை. ஆரம் சூரியனிலிருந்து புளூட்டோவின் சராசரி தூரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். உங்கள் வெண்துளைக்கும் இதே கணக்குதான்.

இந்த எண் எதற்கு? பாத்திரம் உயிரோடு இருக்குமா என்று தெரிய. ஒரு சூரிய நிறை உள்ள துளையின் எல்லையருகே தலைக்கும் காலுக்கும் இடையில் ஈர்ப்பு வேறுபாடு பூமியின் ஈர்ப்பைப்போல் சுமார் இருநூறு கோடி மடங்கு. நூலாக இழுத்துவிடும். பால்வீதி மையத்தில் இருப்பதைப்போல் பெரிய துளையாக இருந்தால் அந்த வேறுபாடு உணரவே முடியாத அளவு. ஆள் நடமாட்டம் வேண்டுமென்றால் பெரிய துளை வேண்டும்.

பெரிய துளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெரும்பாலான கதைகள் கண்டுகொள்வதில்லை. 1974-ல் டக்ளஸ் எர்ட்லி வெண்துளைகளுக்கு ஆயுள் மிகக் குறைவு என்று காட்டினார். உள்ளே போக முடியாத ஒளியும் தூசும் அதன் எல்லையை ஒட்டிப் போய்க் குவியும். குவியக் குவிய அவற்றின் ஆற்றல் பெருகும். நீலம், புற ஊதா, எக்ஸ் கதிர் என்று ஏறும். ஒரு கட்டத்தில் அந்தக் குவியலின் எடையே தாங்காமல் வெண்துளையைச் சுற்றி ஒரு கருந்துளை மூடிக்கொள்ளும்.

எவ்வளவு வேகமாக? அந்த ஆற்றல் இரட்டிப்பாக எடுக்கும் நேரம் நிறையைப் பொறுத்தது. ஒரு சூரிய நிறை என்றால் சுமார் 14 மைக்ரோநொடிக்கு ஒருமுறை. கதை தொடங்கும் முன் முடிந்துவிடும். பால்வீதி மையத்து அளவு என்றால் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை. எம்87 அளவு என்றால் நாளுக்கு ஒருமுறை. பச்சை நிற நட்சத்திர ஒளி காமா கதிராக மாறப் பதினெட்டு இரட்டிப்பு போதும். ஆக, நடு அளவில் பதினெட்டு நிமிடம், பெரிய அளவில் பதினெட்டு நாள்.

பதினெட்டு நாள் என்பது ஒரு கதைக்குரிய கால அளவு. நாளுக்கு நாள் ஏறும் கதிர்வீச்சு, மூடப்போகும் எல்லை, உள்ளிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று. காலக்கெடுவை வெளியிலிருந்து ஒட்டவைக்க வில்லன் தேவையில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு விடை வைத்திருங்கள்: அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது? ஆதியிலிருந்தே இருக்கும் வெண்துளை என்றால் எப்போதோ மூடியிருக்கும். இப்போதுதான் கருந்துளையிலிருந்து எம்பி மாறியது என்று வைத்தால் சிக்கல் குறையும். அதனால்தான் முந்தைய படியில் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

4. அருகில் போனால் என்ன நடக்கும்?

வெண்துளையை நோக்கி ஒரு ஆய்வுக்கலத்தை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஈர்ப்பு இருப்பதால் அது விழும். எல்லையை நெருங்கும். ஆனால் கடக்காது. கடக்கும் முன், உள்ளிருந்து வெளியே வருவது அதன் மேல் வந்து மோதும். சுவரில் முட்டித் திரும்புவதாகப் பலர் எழுதுகிறார்கள். சுவர் எதுவும் அங்கே இல்லை. வெண்துளையின் எல்லை நமக்கு எப்போதும் இறந்தகாலத்தில் இருக்கிறது. நேற்றைக்குள் நடந்து போக முடியாததைப்போல்தான் அதற்குள்ளும் போக முடியாது.

இதை ஒரு பாத்திரம் கரும்பலகை முன் நின்று விளக்கினால் கதை அங்கேயே படுத்துவிடும். இப்படி எழுதுபவர்கள் உண்டு:

“டாக்டர், உங்களுக்குத்தான் தெரியுமே, வெண்துளை என்பது கருந்துளையின் காலத் தலைகீழ் வடிவம், அதனுள் எதுவும் நுழைய முடியாது என்று நோவிகோவ் 1964-இல் கூறினார்.”

தெரிந்தவரிடம் தெரிந்ததை ஏன் சொல்ல வேண்டும்? அதே விஷயத்தை வேலை நடக்கும் இடத்தில், வேலை பார்ப்பவர்கள் வாயில் வையுங்கள்:

“சார், மூணாவது கலமும் சத்தம் இல்ல.”

“எவ்வளவு தூரத்துல?”

“எல்லைக்கு நாப்பது கிலோமீட்டர். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. திரும்பி வருமா?”

“வராது. போய்ச் சேரவும் சேராது.”

“அப்ப எங்கதான் சார் போகும்?”

“அது எங்கயும் போகல. உள்ள இருந்ததுதான் அதுகிட்ட வந்திருக்கு. வந்த வெளிச்சத்தப் பதிவு பண்ணினியா இல்லயா, அதச் சொல்லு.”

இதில் விதி முழுவதும் வந்துவிட்டது. மூத்தவருக்கு எரிச்சல், இளையவருக்குப் பயம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது வரை இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் என்ற எண்ணும் சும்மா வரவில்லை. துளை எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப இந்த எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பார்வைக்கு என்ன தெரியும் என்பதையும் யோசியுங்கள். பின்னால் இருக்கும் நட்சத்திரங்களின் ஒளி வளைந்து வளையமாகத் தெரியும், கருந்துளைக்குத் தெரிவதைப்போலவே. வித்தியாசம் நடுவில்தான். கருந்துளையில் நடுப்பகுதி கருநிழல். வெண்துளையில் அங்கே உட்புறமே தெரியும். ஒருமைப்புள்ளியிலிருந்து கிளம்பிய ஒளி நேராக உங்கள் கண்ணுக்கு வரலாம். கருந்துளைக்குள் இருப்பதை வெளியே நிற்பவர் ஒருநாளும் பார்க்க முடியாது, வெண்துளைக்குள் இருப்பதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. உளவியல் கதை எழுதுபவர்கள் ஏன் இதை இன்னும் தொடவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

5. என்ன வெளியே வரும் என்பதற்கு ஒரு சட்டம் போடுங்கள்

ஒருமைப்புள்ளியில் நமக்குத் தெரிந்த இயற்பியல் நின்றுவிடுகிறது. அதிலிருந்து என்ன வரும் என்று சொல்ல எந்தச் சமன்பாடும் இல்லை. கேட்பதற்கு இது எழுத்தாளருக்குக் கிடைத்த வரம்போல் இருக்கும். உண்மையில் பொறி. எதுவும் வரலாம் என்றால் எது வந்தாலும் வாசகருக்கு வியப்பு இருக்காது. டைனோசர் வந்தது, பிறகு ஒரு தேவதை வந்தது, பிறகு கதாநாயகனின் தாத்தா வந்தார் என்று போகும் கதையை யாரும் மூன்றாம் பக்கம் தாண்டிப் படிப்பதில்லை.

முதல் இரண்டு பக்கத்துக்குள் ஒரு சட்டத்தை வாசகருக்கு உணர்த்திவிடுங்கள். நோவிகோவ் வகை என்றால் வருவது ஆதிப் பொருள்: ஹைட்ரஜன், ஹீலியம், கடும் சூட்டில். ஆயிரத்துச் சொச்சம் கோடி ஆண்டு தாமதமாக வரும் ஒரு குட்டிப் பெருவெடிப்பு. இதில் மனிதர் யாரும் உள்ளிருந்து வர மாட்டார்கள், வெளியே நின்று பார்ப்பவர்களின் கதைதான் இருக்கும். எம்பும் வகை என்றால் முன்பு விழுந்தவை வர வேண்டும், ஆனால் விழுந்த உருவில் வராது. மையத்தில் அவ்வளவு அடர்த்தியில் நசுங்கிய விண்கலம் விண்கலமாகத் திரும்பாது. கதிராக வரும். இயற்பியலாளர்கள் நம்புகிறபடி தகவல் அழியாது என்றால், அந்தக் கதிருக்குள் விண்கலத்தைப் பற்றிய எல்லாமும் சிதறிய வடிவில் இருக்கும். கருந்துளைக்குள் விழுந்ததைப் பற்றிய தகவல் அழிகிறதா இல்லையா என்பதுதான் ஹாக்கிங் 1976-ல் கிளப்பிய தகவல் சிக்கல். அதற்கு விடையாகவும் இந்த வெண்துளைகளை முன்வைக்கிறார்கள்.

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை வரும். உள்ளே நொடிக்கும் குறைவு, வெளியே கோடிக்கணக்கான ஆண்டு. விழுந்தவரின் மகள் வெளியே காத்திருக்க முடியாது. பலர் இந்த இடத்தில் காலத்தை இஷ்டப்படி சுருக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் காத்திருப்பவரை மாற்றுங்கள். ஒரு இயந்திரம், ஒரு குலம், தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ஒரு வேலை. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோய், பதிவு செய்யும் வழக்கம் மட்டும் சடங்காக மிஞ்சிய ஒரு கூட்டம். அல்லது கதையை முழுக்க விழுபவரின் பக்கம் வைத்து, அவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு நொடியை இருபது பக்கம் எழுதுங்கள்.

6. வானத்திலிருந்து உண்மைச் செய்தியை எடுத்தால்

சிலர் உண்மையான வானியல் நிகழ்வு ஒன்றை எடுத்து, அது வெண்துளைதான் என்று கதை கட்டுவார்கள். நல்ல உத்திதான், கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2006 ஜூன் 14 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. 102 நொடி நீடித்தது. அவ்வளவு நேரம் நீடித்தால் கூடவே ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடித்துச் சிதறுவது, தெரிய வேண்டும், தெரியவில்லை. 160 கோடி ஒளியாண்டு தூரம். 2011-ல் அலோன் ரெட்டரும் ஷ்லோமோ ஹெல்லரும் இது ஒரு வெண்துளையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆனால் 2015-ல் அதே வெடிப்பின் பின்னொளியை மறுபடி ஆராய்ந்தபோது, நியூட்ரான் நட்சத்திரம் போன்ற அடர்ந்த பொருள்கள் மோதி இணைந்ததற்கான அடையாளம் தென்பட்டது. வானத்திலிருந்து மிகக் குறைந்த நேரம் மட்டும் வந்து மறையும் வேகமான ரேடியோ வெடிப்புகளுக்கும் இப்படியே ஆனது. அவற்றையும் வெண்துளையோடு சேர்த்துப் பேசினார்கள். 2020 ஏப்ரலில் நம் பால்வீதியிலேயே இருக்கும் ஒரு காந்த நட்சத்திரம் அப்படியொரு வெடிப்பை வெளியிட்டது.

உங்கள் கதை வெளியாகி இரண்டு வருடத்தில் விடை மாறினால் கதை விழுந்துவிடக் கூடாது. அதனால் நிகழ்வைக் கற்பனையாக வையுங்கள். இல்லையென்றால் கதை நடக்கும் ஆண்டைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அந்த ஆண்டில் என்ன தெரிந்திருந்ததோ அதற்குள் பாத்திரங்களை நிறுத்துங்கள். 2011-ல் நடக்கும் கதையில் ஒரு ஆராய்ச்சி மாணவி அந்த 102 நொடியை வெண்துளை என்று நம்பலாம். நான்கு வருடம் கழித்து அந்த நம்பிக்கை உடைவதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

7. எழுதி முடித்த பிறகு

கலைச்சொற்களைக் குறையுங்கள். வெண்துளை, கருந்துளை, எல்லை, இந்த மூன்றும் பெரும்பாலான கதைக்குப் போதும். ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஆரம், கிரஸ்கல் ஆயங்கள் எல்லாம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் வாசகருக்கு அது தானாகத் தெரியும். அதன் பெயர் தெரியவேண்டியதில்லை.

பிறகு படியை எடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருங்கள். வெண்துளை தள்ளுவதாக எங்காவது வினைச்சொல் இருக்கிறதா? “உமிழ்ந்தது” இருக்கலாம், “விரட்டியது” இருக்கக் கூடாது. யாராவது உள்ளே போகிறார்களா? கெர் வகையாக இருந்தாலும் கருந்துளை வழியாகத்தான் போக வேண்டும், வெண்துளை வழியாக அல்ல. முதல் பக்கத்தில் கொடுத்த நிறைக்கும் கடைசிப் பக்கத்தில் வரும் நேரத்துக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா? இந்த மூன்றையும் சரிபார்க்க ஒரு மாலை போதும்.

இயற்பியல் தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் கதையைக் கொடுங்கள். தெரிந்தவரிடம், “தப்பு எங்கே?” என்று கேளுங்கள். தெரியாதவரிடம் அப்படிக் கேட்காதீர்கள், அவர் வெட்கப்பட்டு எல்லாம் புரிந்தது என்று சொல்லிவிடுவார். “எந்த இடத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் காட்டும் பத்தி பெரும்பாலும் நீங்கள் சார்பியலை விளக்கிய பத்தியாகத்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டு, வெட்டிய இடம் தெரிகிறதா என்று மறுபடி அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.